பெருவுக்கு ஆள் கூட்டிப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென் அமெரிக்கக் குழுப் பயணங்களை நடத்தும் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

நீங்கள் வெளியிடும் பயணத் திட்டங்களைக் கொஞ்ச காலமாக வாங்கி வாசித்து வருகிறேன். என் சொந்தக்காரர்களும் நண்பர்களும் உங்களை நம்பித்தான் கிளம்புகிறார்கள். பணம் கட்டுமுன் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "இது சரியா இருக்கா பாரு" என்கிறார்கள். பெருவில் நான் கொஞ்சம் சுற்றியிருப்பதால் வரும் வேலை இது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட, தாளை அச்சடிக்கிற உங்களிடமே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

பெரும்பாலான திட்டங்கள் ஒரே அச்சில் வார்த்தவை. பிரேசில், அர்ஜென்டினா, சிலி, பெரு என்று நான்கு நாடுகள், இரண்டு வாரம். அதில் பெருவுக்கு நான்கு இரவு. முதல் இரவு லிமா. மறுநாள் காலை விமானத்தில் குஸ்கோ, மதியமே ஊர் சுற்றல். அடுத்த நாள் விடியுமுன் எழுப்பி மச்சு பிச்சு என்ற பழைய இன்கா மலை நகரம், ராத்திரி திரும்பக் குஸ்கோ. அதற்கடுத்த நாள் அதிகாலை மூன்று மணிக்கு வானவில் மலை. அப்புறம் விமான நிலையம். ஒரு தாளில் பெரு பக்கத்தை அலங்கரித்த பிரமிடு, மெக்சிகோவில் இருக்கும் சிச்சென் இட்சா. இரண்டு நாடும் ஒரே கண்டத்தில்கூட இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பெருவை மச்சு பிச்சுவுக்குப் போகும் வழியாக மட்டும் விற்காதீர்கள். நான்கு நாடுகளில் ஒன்றைக் குறைத்துவிட்டு, பெருவுக்கு ஒன்பது பத்து நாளாவது கொடுங்கள். அந்த நாட்களை எப்படி அடுக்குவது என்பதில்தான் எனக்கு உங்களோடு சண்டை.

முதலில் உயரம். லிமா கடலோர நகரம். குஸ்கோ 3,400 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயர்ந்த சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நம் ஊர் ஆட்களில் பலர் வாழ்நாளில் ஏறியிருக்கும் அதிகபட்ச உயரம் ஊட்டி. அவர்களை ஒன்றே கால் மணி நேர விமானத்தில் கடல் மட்டத்திலிருந்து தூக்கி, ஆனைமுடியைவிட எழுநூறு மீட்டர் உயரத்தில் இறக்கி, சாப்பிட்ட கையோடு சக்சைவாமான் கோட்டை மேட்டில் ஏறச் சொல்கிறீர்கள். தலைவலி, மூச்சு வாங்கல், குமட்டல், ராத்திரி தூக்கம் இல்லை. பெருக்காரர்கள் இதற்கு சொரோச்சே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். ஆனால் சிலருக்கு நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். அப்போது உடனே கீழே இறக்குவதுதான் முதல் வைத்தியம். இதய நோயும் நுரையீரல் தொல்லையும் உள்ளவர்கள் கிளம்புமுன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உயரத்துக்கான மாத்திரையும் அவர் சொல்லித்தான் போட வேண்டும். குழுவில் யாரோ தந்தார் என்று வாங்கி விழுங்கக் கூடாது.

இதற்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை, வரிசையை மாற்றினாலே போதும். குஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் போகாமல் நேராக வண்டியில் ஏற்றி, ஒன்றரை மணி நேரத்தில் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறக்கிவிடுங்கள். அங்கே உருபம்பா, ஒயந்தாய்தம்போ ஊர்களெல்லாம் 2,800 மீட்டரை ஒட்டியவை. இரண்டு மூன்று இரவு அங்கே. அங்கிருந்து ரயிலில் மச்சு பிச்சு அடிவார ஊருக்கு. அது 2,040 மீட்டர்தான். குஸ்கோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உடம்பு பழகியிருக்கும், ஊரையும் நின்று ரசிக்கலாம். தனியாகப் போகும் வெள்ளைக்காரப் பயணிகளில் பலர் இப்படித்தான் போகிறார்கள். நம்மவர்களுக்கு மட்டும் ஏன் தலைகீழ் வரிசை என்று எனக்குப் புரியவில்லை.

விடுதிகளில் வரவேற்பாகக் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். அங்கே அது சட்டப்படி சரி, தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பொட்டலம் பெட்டியில் போட்டுக்கொள்ளும் ஆசை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். கோக்கா இலை இந்தியச் சட்டத்தில் போதைப்பொருள். எந்தத் தாளிலும் இந்த எச்சரிக்கையை நான் பார்த்ததில்லை.

அடுத்து மச்சு பிச்சுவின் நுழைவுச் சீட்டு. இதில் நீங்கள் சொல்லாமல் விடுவது அதிகம். 2024 ஜூன் முதல் அந்த இடத்தை மூன்று சுற்றுகளாகவும், அவற்றுக்குள் பத்துத் தடங்களாகவும் பிரித்திருக்கிறார்கள். முதல் சுற்று மேல் படிக்கட்டு வயல்களோடு முடிந்துவிடும். அஞ்சலட்டையில் பார்க்கும் காட்சி கிடைக்கும், நகரத்துக்குள் காலே வைக்க முடியாது. மூன்றாவது சுற்று கீழ்ப் பகுதி. கட்டடங்களுக்கு நடுவே நடக்கலாம், அந்த அஞ்சலட்டைக் காட்சி கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் இரண்டாவது சுற்று. அதுதான் முதலில் விற்றுத் தீரும். ஒரு நாளைக்கு 4,500 பேர், கூட்டம் மிகுந்த சில நாட்களில் 5,600 பேர் என்று உச்சவரம்பு உண்டு. ஜூன், ஜூலைக்கு மாதக்கணக்கில் முன்பே வாங்கினால்தான் உண்டு. நீங்களோ ஆள் சேர்ந்த பிறகு, கடைசியில் கிடைத்த சீட்டை வாங்கிவிட்டு, தாளில் "மச்சு பிச்சு நுழைவு உட்பட" என்று மட்டும் போடுகிறீர்கள். இத்தனை தூரம் வந்து, வாழ்நாள் முழுக்கப் பார்த்த படத்தில் இருக்கும் இடத்தில் நிற்க முடியாமல் திரும்புகிறவருக்கு, தான் எதை இழந்தோம் என்பது ஊருக்கு வந்து அடுத்தவர் எடுத்த படத்தைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

வயதானவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். உள்ளே கழிப்பறை கிடையாது, வாசலில் மட்டும்தான். வெளியே வந்தால் அதே சீட்டில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். ஊன்றுகோல் அவசியப்படுகிறவர்கள் மட்டுமே கொண்டுபோகலாம், அதுவும் முனையில் ரப்பர் மாட்டியிருக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அவரவர் தயாராக வருவார்கள்.

குஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பாமல், அடிவார ஊரில் ஓர் இரவு தங்க வையுங்கள். காலை முதல் பேருந்துகளில் ஏறினால் மேகம் பள்ளத்தாக்கிலிருந்து விலகுவதைப் பார்க்கலாம். வழிகாட்டியிடம் நீர் வரும் வழியைக் காட்டச் சொல்லுங்கள். மலையில் ஊறும் ஊற்றைக் கல் வாய்க்காலில் பிடித்து, பதினாறு தொட்டிகளில் ஒன்றிலிருந்து ஒன்றாக விழும்படி ஊருக்கு நடுவே இறக்கியிருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டில், ஸ்பானியர்கள் வருமுன் அந்த மலைகளை ஆண்ட இன்காக்களின் அரசன் பாச்சாகூட்டி காலத்து வேலை. 1911இல் ஹைரம் பிங்கம் என்ற அமெரிக்கர் "கண்டுபிடித்தார்" என்று எல்லாத் தாள்களிலும் போடுகிறீர்கள். அவர் போனபோது அங்கே உழவர் குடும்பங்கள் அந்தப் படிக்கட்டு வயல்களிலேயே பயிர் செய்துகொண்டிருந்தன. வழி காட்டியவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். அந்த வரியைக் கொஞ்சம் திருத்துங்கள்.

நடக்கத் தெம்புள்ளவர்கள் குழுவில் இருந்தால், மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் நாலு நாள் இன்கா பாதை வேண்டாம், ரயிலில் 104ஆம் கிலோமீட்டரில் இறங்கி ஒரு நாளில் நடக்கும் குறுகிய பாதை இருக்கிறது. வின்யாய் வாய்னா இடிபாடுகள் வழியாக, சூரிய வாசலில் ஏறி, மச்சு பிச்சுவை மேலிருந்து முதன்முதலாகப் பார்க்கலாம். அதற்கும் தனி அனுமதிச் சீட்டு முன்பே வாங்க வேண்டும்.

சரி, புனிதப் பள்ளத்தாக்கில் இரண்டு மூன்று நாள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அங்கே பார்க்க இருப்பதற்கு அந்த நாட்களே போதாது. ஒயந்தாய்தம்போ இன்காக்கள் வகுத்த தெருக்களிலேயே இன்றும் ஆட்கள் குடியிருக்கும் ஊர். தெருவோரக் கல் வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து ஓடுகிறது. மேலே கோயில் மேட்டில் ஆறு இளஞ்சிவப்புப் பாறைப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் பல டன் எடை; ஆற்றுக்கு அக்கரையில், எதிர் மலைச் சரிவிலிருந்த கல் சுரங்கத்திலிருந்து கொண்டு வந்தவை. ஆற்றைக் கடத்தி, செங்குத்தான மேட்டில் ஏற்றியிருக்கிறார்கள், சக்கரமோ இரும்போ இல்லாமல். வழியில் கைவிட்ட கற்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அவற்றைச் சோர்ந்துபோன கற்கள் என்பார்கள். 1537இல் மாங்கோ இன்கா என்ற அரசன் ஸ்பானியப் படையை இதே மேட்டிலிருந்து விரட்டியடித்தான். ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது, படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கடந்துபோகிற இடமில்லை இது.

மாராஸ் உப்புப் பாத்திகள் மலை நடுவே இருக்கின்றன. கடல் கண்ணுக்கெட்டாத தூரம். மலைக்குள்ளிருந்து வரும் ஒரு உப்பு ஊற்று, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பாத்திகளில் பாய்கிறது. சரிவு முழுக்க வெள்ளையும் பழுப்புமாக அடுக்கு. இன்காக்களுக்கும் முந்திய உப்பளம் இது. பாத்திகள் உள்ளூர்ச் சமூகக் குடும்பங்களுக்குச் சொந்தம், அவரவர் பாத்தியை அவரவர் வாருகிறார்கள். பயணிகள் பாத்திகளுக்கு நடுவே நடந்து உப்பு அசுத்தமானதால் இப்போது மேல் வழியிலிருந்து பார்க்க மட்டும் விடுகிறார்கள். நல்ல முடிவு. பக்கத்திலேயே மொராய், பெரிய வட்டக் குழிக்குள் வட்டவட்டமாக இறங்கும் படிக்கட்டு வயல்கள். பயிர்களைப் பழக்கிப் பார்த்த இடம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், வேறு சிலர் மறுக்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் அடியில் தண்ணீர் தேங்காது என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பீசாக் ஊருக்கு மேலே கெச்சுவா மொழி பேசும் மலைச் சமூகங்கள் சேர்ந்து நடத்தும் உருளைக்கிழங்குப் பூங்கா இருக்கிறது. உலகம் முழுக்கச் சாப்பிடும் உருளைக்கிழங்கு இந்த மலைத்தொடரில்தான் முதலில் பயிரானது. ஆண்டிஸ் மலைகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டு வகைகள் உண்டு. கருநீலம், சிவப்பு, திருகியது, முடிச்சு முடிச்சானது என்று அந்தப் பூங்காவிலேயே நூற்றுக்கணக்கில் பயிரிடுகிறார்கள். ராத்திரிப் பனியில் உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை எடுத்துக் காயவைத்தால் சுன்யோ என்ற உலர் கிழங்கு. வருடக்கணக்கில் கெடாது. நம் ஆட்கள் இங்கே அரை நாள் மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் குழுவில் இருந்தால் கிளப்புவதே கஷ்டம்.

அதே பக்கத்துச் சின்செரோ ஊரின் நெசவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பெண்கள் இடுப்புத் தறியில் நெய்வதையும், கள்ளிச்செடியில் வளரும் கொச்சினியல் பூச்சியை நசுக்கி ரத்தச் சிவப்புச் சாயம் எடுப்பதையும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் உங்கள் வண்டி எந்தக் கடை வாசலில் நிற்கிறது என்பதை வழிகாட்டியின் கமிஷன் தீர்மானிக்கிறது. அல்பாக்கா என்ற மலை விலங்கின் கம்பளி என்று சொல்லி விற்பதில் நிறைய செயற்கை நூல். நெய்தவரே விற்கும் கூட்டுறவுகளுக்கு அழைத்துப் போங்கள். விலை கூடுதலாக இருக்கும், இருக்கட்டும்.

குஸ்கோவுக்கு இரண்டு நாள் போதும். கொரிகாஞ்சா என்ற சூரியக் கோயிலின் மேலேயே ஸ்பானியர்கள் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடத்தின் பெரும்பகுதி சரிந்தது, உள்ளே மறைந்திருந்த இன்காச் சுவர்கள் அசையாமல் வெளியே தெரிந்தன. பேராலயத்தில் மார்கோஸ் சப்பாத்தா வரைந்த இயேசுவின் கடைசி விருந்து ஓவியத்தில், மேஜை நடுவே தட்டில் கிடப்பது அந்த ஊர்ச் சமையலில் பேர்போன கூய் என்ற சீமைப் பெருச்சாளி. ஊருக்குத் தெற்கே ஆந்தவாய்லியாஸ் கிராமத் தேவாலயத்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். அங்கே ஞானஸ்நான அறை வாசலில் ஒரே வாசகத்தை லத்தீன், ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா, புகினா என்று ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். புகினா இன்று பேசுவாரில்லாமல் போய்விட்ட மொழி. அதே சாலையில் தீப்போன் வாய்க்கால்களும் இருக்கின்றன. தண்ணீர் இன்றைக்கும் ஓடுகிறது.

வானவில் மலையைக் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது 5,000 மீட்டருக்கு மேல். விரும்புகிறவர்கள் தனியாகப் பணம் கட்டிப் போகட்டும். அறுபது வயதுக்காரரை அங்கே ஏற்றிக் குதிரையில் உட்கார வைத்துப் படம் எடுப்பதில் எனக்கு எந்தப் பெருமையும் தெரியவில்லை.

அந்த நாளைக் கெஸ்வசாக்காவுக்குக் கொடுக்கச் சொல்வேன், உங்கள் பயணம் ஜூன் மாதத்தில் அமைந்தால். குஸ்கோவிலிருந்து மூன்று நான்கு மணி நேரம். அபுரிமாக் ஆற்றின் மேல், மலையிடுக்கில், முப்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் புல்லால் முறுக்கிய தொங்குபாலம். இன்காக்களின் சாலைகளில் இப்படிப் பல பாலங்கள் இருந்தன, ஆண்டுதோறும் மாறாமல் புதுப்பித்து வருவது இந்த ஒன்றைத்தான். நான்கு கெச்சுவாச் சமூகங்கள் சேர்ந்து செய்கிறார்கள். ஒவ்வொரு குடும்பமும் கோயா என்ற மலைப்புல்லை அறுத்து, ஊறவைத்து, தட்டி, தன் பங்குக் கயிற்றைத் திரித்துக் கொண்டுவரும். சின்னக் கயிறுகளைச் சேர்த்து முறுக்கித் தொடை பருமனில் வடம். முதல் நாள் மலைத் தெய்வங்களுக்குப் படையல், வடம் திரிப்பு. அடுத்த நாள் பழைய பாலத்தை அறுத்து ஆற்றில் விட்டுவிட்டு, புது வடங்களை இரு கரையிலும் ஆண்கள் நின்று இழுத்துக் கட்டுவார்கள். மூன்றாம் நாள் பாலம் நெய்வதில் தேர்ந்த இரண்டு பேர் இரு முனையிலிருந்தும் பக்கக் கயிறுகளைப் பின்னிக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். ஆணி இல்லை, இயந்திரம் இல்லை. நாலாம் நாள் ஆட்டம் பாட்டம்.

பக்கத்திலேயே வாகனங்கள் போகும் பாலம் ஒன்று பல காலமாக இருக்கிறது. ஆற்றைக் கடப்பதற்கு இந்தப் புல் பாலம் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் கட்டுகிறார்கள். கொரோனாக் காலத்தில் ஒரு வருடம் கட்ட முடியாமல் போய், 2021 மார்ச்சில் பழைய பாலம் அறுந்து விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் திரும்பக் கட்டிவிட்டார்கள். 2013இல் யுனெஸ்கோ இந்த அறிவையும் சடங்கையும் மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வேண்டுகோள்: நாற்பது பேரைப் பேருந்தில் கொண்டுபோய் வடம் இழுக்கும் இடத்தில் கொட்டாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர், உள்ளூர் வழிகாட்டி, மேட்டில் ஓரமாக நிற்க வேண்டும். சமூகத்துக்குச் சேர வேண்டிய கட்டணத்தைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். அதே மாதம் 24ஆம் தேதி குஸ்கோவில் இந்தி ராய்மி சூரியத் திருவிழா. அது 1944இல் மீட்டெடுத்து மேடையேற்றிய நிகழ்ச்சி, பிரமாண்டம்தான், ஆனால் இருக்கை விலையும் கூட்டமும் அதற்கேற்றபடி. இரண்டில் ஒன்றைத்தான் காட்ட முடியும் என்றால் பாலத்தைக் காட்டுங்கள்.

இன்னொரு குறை, நீங்கள் விற்கும் பெருவில் இன்காக்களைத் தவிர யாருமே இல்லை. இன்காப் பேரரசு நிலைத்தது சுமார் நூறு வருடம். அதற்கு முன்னால் நாலாயிரம் வருடக் கதை அந்த நாட்டின் கடலோரப் பாலைவனத்தில் கிடக்கிறது. லிமாவில் கடைத்தெருவுக்கு ஒதுக்கும் அந்த ஒரு நாளில் வடக்கே மூன்று நான்கு மணி நேரம் போனால் கரால். ஐயாயிரம் வருடப் பழமையான நகரம், எகிப்தியப் பிரமிடுகள் எழுந்த காலத்தது. 1990களிலிருந்து ருத் ஷேடி என்ற தொல்லியலாளர் தலைமையில் அகழ்ந்திருக்கிறார்கள். மண்பாண்டம் செய்யத் தெரியாத மக்கள். ஆனால் பெலிக்கன் பறவை எலும்பில் புல்லாங்குழல் செய்து வாசித்திருக்கிறார்கள். போர்க்கருவிகளோ கோட்டைச் சுவரோ கிடைக்கவில்லை. கூட்டமும் இருக்காது.

வடகடற்கரைக்கு மூன்று நாள் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. லிமாவிலிருந்து ஒரு மணி நேர விமானத்தில் த்ருஹியோ. அங்கே சான் சான், சிமு மக்களின் தலைநகரம், முழுக்க மண் சுவர். மீனும் கடற்பறவையும் வலைக்கண்ணும் சுவரெல்லாம் புடைப்பாக ஓடும். 1986இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த அன்றே ஆபத்திலிருக்கும் சின்னங்களின் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். எல் நினோ வருடத்து மழைக்கு மண் நகரம் எத்தனை நாள் தாங்கும்? பக்கத்தில் ஊவாக்கா தெ லா லூனா, அதற்கும் முந்திய மோச்சே மக்களின் கோயில். பழைய கோயிலை இடிக்காமல் மூடி அதன்மேல் புதியதைக் கட்டிக்கொண்டே போனதால் உள் அடுக்கு ஓவியங்கள் வண்ணம் மங்காமல் தப்பியிருக்கின்றன. சாயங்காலம் வாஞ்சாக்கோ கரைக்குப் போனால் கோரைப்புல்லால் கட்டிய ஒற்றை ஆள் படகுகளில் மீனவர்கள் அலையேறி வருவதைப் பார்க்கலாம். அதே வடிவப் படகுகள் மோச்சே பானைகளில் இருக்கின்றன.

அங்கிருந்து வண்டியில் நாலு மணி நேரம் லாம்பயேக்கே. 1987இல் புதையல் திருடர்கள் சிப்பான் கிராமத்து மண்மேட்டைக் குடையத் தொடங்கிய சேதி காவல்துறை மூலம் வால்ட்டர் ஆல்வா என்ற தொல்லியலாளருக்கு எட்டியது. அவர் கிராமத்தாரின் கோபத்துக்கு நடுவே தோண்டி, திருடர் கைபடாத மோச்சே தலைவன் ஒருவனின் கல்லறையைத் திறந்தார். சிப்பான் பிரபு என்று பெயர். அவன் மார்பில் கிடந்த மாலையில் நிலக்கடலை வடிவ மணிகள்: வலப்பக்கம் பத்துத் தங்கத்தில், இடப்பக்கம் பத்து வெள்ளியில். நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்ததுதான். அருங்காட்சியகத்துக்குள் கைப்பேசி அனுமதி இல்லை. ஒன்றரை மணி நேரம் எல்லாரும் கண்ணால் மட்டும் பார்க்கிறார்கள். உங்கள் குழுக்களுக்கு அதுவே ஒரு புது அனுபவம்.

பாலைவனத் தரையில் பிரமாண்டமாகக் கீறிய நாஸ்காக் கோடுகளைச் சிறு விமானத்தில் பார்ப்பது அருமைதான், ஆனால் விமானி இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஓட்டுவதில் பாதிப் பேர் பையில் முகத்தைப் புதைத்திருப்பார்கள். வெறும் வயிற்றோடு அனுப்புங்கள். கோல்க்கா பள்ளத்தாக்கில் காண்டோர் கழுகு பார்க்கப் போகும் சாலை 4,900 மீட்டரைத் தொடுகிறது. ஆகவே அதுவும் பயணத்தின் கடைசியில்தான்.

பெருவில் பாதிக்கு மேல் அமேசான் காடு என்பது உங்கள் தாள்களில் எங்குமே வருவதில்லை. குஸ்கோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விமானத்தில் புவேர்த்தோ மால்தோனாதோ, அங்கிருந்து படகில் தம்போபாத்தா காடு. விடியற்காலை ஆற்றங்கரைக் களிமண் மேட்டில் பஞ்சவர்ணக் கிளிகள் நூற்றுக்கணக்கில் வந்து மண் கொத்தும். உயரத்தில் வாடிய உடம்புக்கு இருநூறு மீட்டரில் இரண்டு இரவு பெரிய ஆறுதல். மழையும் கொசுவும் இருக்கும். குழுவில் பாதிப் பேர் முணுமுணுப்பார்கள், கிளிகளைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் காடு போனாலும் போகாவிட்டாலும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தில் தெளிவாக இருங்கள். அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் பெரு இருக்கிறது. அங்கிருந்து திரும்புகிறவரிடம் இந்திய விமான நிலையத்தில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியே யோசித்துப் போட வேண்டியது, ஆகவே கடைசி வாரத்தில் ஓடாமல் மருத்துவரிடம் பேச நேரம் விட்டு அறிவியுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. "பயணம் முழுவதும் தென்னிந்திய உணவு" என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். கூடவே சமையல்காரர், அரிசி, பொடிகள். வயதானவர்களுக்கு ஒரு வேளை ரசம் சாதம் ஆறுதல்தான், அதை நான் குறை சொல்லவில்லை. மூன்று வேளையும் ஏன்? சைவர்களுக்கு அங்கே வழியே இல்லை என்பது உண்மையில்லை. வேகவைத்த கிழங்கின் மேல் மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அரைத்த குழம்பை ஊற்றித் தருவார்கள், பாப்பா ஆ லா வாங்காயினா. அரெகிப்பா நகரில் மொச்சை, சோளம், பாலாடைக்கட்டி, ஆலிவ் கலந்த சொல்த்தெரித்தோ. குஸ்கோ பக்கம் ரொகோத்தோ மிளகாயையும் வாசனைத் தழையையும் நம் அம்மி மாதிரியான கல்லில் அரைத்த உச்சுகுத்தா, அவித்த சோளத்தோடு தொட்டுக்கொள்ளலாம். குடிக்கக் கருஞ்சோளத்தில் காய்ச்சிய சிச்சா மொராதா. சூப் மட்டும் எச்சரிக்கை. கீன்வா சூப் என்று சொன்னாலும் அடிநீர் கோழியாக இருக்கும். இதையெல்லாம் உணவகத்தாரிடம் முன்கூட்டிப் பேசி வைப்பது உங்கள் வேலை. இரண்டு வேளையில் ஒரு வேளையாவது அந்த ஊர்ச் சோற்றைப் போடுங்கள்.

மாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலைப் பகுதிக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். பொங்கல் விடுமுறைக் குழுக்களை அங்கே கொண்டுபோகாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி கனமழை. மண் சரிந்து ரயில் நிற்கும். 2010 ஜனவரி வெள்ளத்தில் மச்சு பிச்சு அடிவாரத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கானவர்களை ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள்.

அடுத்த தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்று விவரம் சேருங்கள்: ஒவ்வொரு இரவும் தங்கும் ஊரின் உயரம், வாங்கியிருக்கும் மச்சு பிச்சு சீட்டின் சுற்று எண், குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர். இந்த மூன்றும் இருந்தால் விலை கூடுதலாக இருந்தாலும் ஆட்கள் வருவார்கள். என் பெரியப்பா மகளும் அவள் கணவரும் வரும் மே மாதத்துக்குக் காத்திருக்கிறார்கள். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, அவள் சைவம். அவர்களுக்குப் பொருந்தும் திட்டம் உங்களில் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் தாள்களை வரிவிடாமல் வாசிக்கும் ஒரு பயணி